காலநிலை மாற்ற மாணவர் மாநாட்டுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்வது எப்படி: மட்டக்களப்பு, அம்பாறை ஆசிரியர்களுக்கான முழுமையான வழிகாட்டி

காலநிலை மாற்றம் பற்றிக் கொழும்பில் நடைபெறவுள்ள மாணவர் மாநாட்டுக்கு ஆறு பிள்ளைகளை அனுப்புமாறு பாடசாலைக்கு ஒரு கடிதம் வந்தவுடன், ஆசிரியர் ஓய்வறையில் முதலில் எழும் கேள்வி வாகனத்துக்கு என்ன செய்வது என்பதாகவே இருக்கும். முதல் முறை நானும் அங்கிருந்துதான் தொடங்கினேன். வான் பேசினேன், சாப்பாட்டுக்கு ஒழுங்கு செய்தேன், பெற்றோரின் கையொப்பங்களை வாங்கினேன். பயணத்தில் ஒரு குறையும் இருக்கவில்லை. ஆனால் பிள்ளைகள் இரண்டு நாளும் மண்டபத்தின் பின்வரிசையில் வாய் திறக்காமல் இருந்துவிட்டு, ஆளுக்கொரு சான்றிதழோடும் துணிப்பையோடும் வீடு திரும்பினார்கள். சபையில் சொல்வதற்கென்று எங்கள் ஊரிலிருந்து அவர்களிடம் நான் எதையும் கொடுத்துவிடவில்லை என்பது திரும்பி வரும் வழியில்தான் எனக்கு உறைத்தது.

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், பாடசாலை ஒன்றில் புவியியல் கற்பித்துக்கொண்டு, அதன் பின்னர் மேலும் இரண்டு முறை பிள்ளைகளை இத்தகைய மாநாடுகளுக்கு அழைத்துச் சென்ற அனுபவத்தைக் கொண்டே இதனை எழுதுகிறேன். படிகளை வேலை நடக்கும் ஒழுங்கில் தந்திருக்கிறேன். எனினும் நான்காவது படியை மற்ற எல்லாவற்றுக்கும் முன்னரே தொடங்கிவிடலாம். கடிதம் வராவிட்டாலும் தொடங்கலாம்.

முதற் படி: கடிதத்தைக் கடைசி வரி வரை வாசித்தல்

அழைப்புக் கடிதத்தில் திகதியையும் இடத்தையும் மட்டும் பார்த்துவிட்டு அதிபரின் மேசையில் வைத்துவிடக் கூடாது. எந்தத் தரப் பிள்ளைகளைக் கேட்கிறார்கள், ஒரு பாடசாலைக்கு எத்தனை பேர், பிள்ளைகள் கேட்போராக மட்டும் வருகிறார்களா அல்லது சுவரொட்டியோ உரையோ கொண்டுவர வேண்டுமா, தங்குமிடத்தையும் உணவையும் யார் பொறுப்பேற்கிறார்கள் என்பவற்றை ஒரு தாளில் தனியாக எழுதிக்கொள்ளுங்கள். கடிதத்தில் விடை இல்லாத கேள்விகளை ஏற்பாட்டாளரிடம் தொலைபேசியில் கேட்பதோடு நின்றுவிடாமல், எழுத்திலும் கேட்டு எழுத்திலேயே பதில் வாங்குங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது மொழி பற்றிய கேள்வி. உரைகள் எந்த மொழியில் நிகழும், உடனடி மொழிபெயர்ப்பு உண்டா, அது தமிழிலும் உண்டா, பிள்ளைகள் தமிழில் பேசினால் அதனை மற்ற மொழிக்காரர்களுக்கு யார் பெயர்த்துச் சொல்வார் என்று நேரடியாகவே கேட்க வேண்டும். நாங்கள் சென்ற மாநாடு ஒன்றில் ‘மும்மொழிகளிலும்’ என்று அச்சிட்டிருந்தார்கள். அங்கே போன பிறகுதான் அந்த மூன்றும் பதாகையில் மட்டுமே இருந்தன என்பது தெரிந்தது.

இரண்டாம் படி: நாள் பார்த்தலும் அனுமதியும்

நாள் பார்த்தல் என்று நான் சொல்வது பஞ்சாங்கத்தை அல்ல. க.பொ.த. பரீட்சைகள், தவணைப் பரீட்சை, வலய மட்ட விளையாட்டுப் போட்டி, மாமாங்கத்து ஆடி அமாவாசைத் தீர்த்தம், ஊர்க் கோயில் சடங்கு, முஸ்லிம் பிள்ளைகள் இருந்தால் நோன்பு மாதம் ஆகியவற்றோடு பயண நாள் மோதுகிறதா என்று பாருங்கள். ஒக்டோபர் தொடக்கம் ஜனவரி வரையான மாரி காலத்தில் மாநாடு வந்தால், நமது வீதிகளும் புகையிரதப் பாதையும் வெள்ளத்தில் அகப்படக்கூடும் என்பதையும் கணக்கில் எடுத்து, பயணத்தைக் கைவிட வேண்டிவந்தால் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

அனுமதிக் கோரிக்கை அதிபர் வழியாக வலயக் கல்விப் பணிப்பாளருக்குப் போக வேண்டும். அழைப்புக் கடிதத்தின் பிரதி, பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல், உடன் செல்லும் ஆசிரியர்களின் விபரம், போகும் வழி, தங்குமிடம், பெற்றோரின் எழுத்து மூலச் சம்மதம் ஆகியவற்றை ஒரே கோப்பில் இணைத்துக் கொடுத்தால் கோப்பு திரும்பி வராது. வாடகை வாகனம் என்றால் வாகன வரிப்பத்திரம், காப்புறுதி, சாரதியின் அனுமதிப்பத்திரம் ஆகியவற்றின் பிரதிகளும் தேவைப்படும். பெண் பிள்ளைகள் செல்லும் பயணத்தில் பெண் ஆசிரியர் ஒருவராவது கட்டாயம் உடன் இருக்க வேண்டும். கடைசி நேரத்தில் அவருக்கு இடையூறு வந்தால் பதிலாகச் செல்லக்கூடிய இன்னொருவரின் பெயரையும் சேர்த்துவிடுவது நல்லது. ஒரு முறை எங்கள் கோப்பு ஓர் அலுவலக மேசையில் பதினொரு நாட்கள் கிடந்தது. அதற்குக் காரணம் ஒரே ஒரு பெற்றோரின் கையொப்பம் இல்லாமை. தவறு எங்களுடையது என்றாலும், அதை முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

மூன்றாம் படி: பிள்ளைகளைத் தெரிவு செய்தல்

பேச்சுப் போட்டியில் முதலிடம் பெற்றவர், ஆங்கில தினத்தில் பரிசு வாங்கியவர், மாணவத் தலைவர் என்று பட்டியல் தானாகவே உருவாகிவிடும். அந்தப் பட்டியலை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டாம் என்பது எனது துணிபு. ஆறு பேரில் ஒருவராவது வாவியில் வலை வீசும் வீட்டுப் பிள்ளையாகவும், ஒருவராவது வயல் செய்யும் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கட்டும். வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தை மறித்த மணலை வெட்டினால் வாவியில் நீர் எத்தனை நாளில் வடியும், மேற்கிலிருந்து வீசும் வறண்ட கச்சான் காற்று வழக்கத்துக்கு முந்தி எழும்பினால் நெற்கதிருக்கு என்ன ஆகும் என்பவை இவர்கள் வீட்டில் இரவுச் சாப்பாட்டின்போது பேசப்படும் விடயங்கள். பேசத் தயங்கும் பிள்ளைக்கு ஆறு வாரத்தில் பேசக் கற்றுக் கொடுத்துவிடலாம். பேச்சுக்குள் வைப்பதற்கு ஒன்றும் இல்லாத பிள்ளையோடு நாம்தான் திண்டாடுவோம்.

தரம் 10, தரம் 12 மாணவர்கள் பொருத்தமானவர்கள். பரீட்சை ஆண்டுப் பிள்ளைகளை விட்டுவிடலாம். தெரிவான ஆறு பேரோடு, பயணம் வராமல் ஊரிலேயே நின்று உதவும் இரண்டு பிள்ளைகளையும் தரம் 8 அல்லது 9 இலிருந்து சேர்த்துக்கொள்ளுங்கள். அவர்களுக்குரிய வேலையைக் கீழே சொல்கிறேன்.

நான்காம் படி: ஊரிலிருந்து ஓர் அளவை எடுத்தல்

இந்த வழிகாட்டியில் இதற்கே கூடுதலான இடம் கொடுக்கிறேன். துருவக் கரடியின் படத்தையும் உருகும் பனிமலையையும் ஒட்டிய சுவரொட்டிகள் எல்லா மாவட்டங்களிலிருந்தும் வரும். மட்டக்களப்பிலிருந்தோ திருக்கோவிலிலிருந்தோ மட்டும் வரக்கூடிய ஒன்றை நாம் கொண்டுபோக வேண்டுமாயின், அதனைப் பிள்ளைகள் தங்கள் கையால் அளந்திருக்க வேண்டும்.

செலவே இல்லாதது மழைமானி. நேர்ச்சுவருள்ள இரண்டு லீற்றர் சோடாப் போத்தல் ஒன்றின் மேற்பகுதியை வெட்டி, வெட்டிய பகுதியைத் தலைகீழாகப் புனல்போல் அதே போத்தலுக்குள் செருகி, விளிம்பை ஒட்டு நாடாவால் ஒட்டுங்கள். போத்தலின் அடிப்பாகம் மேடும் பள்ளமுமாக இருப்பதால், சிறு கற்களைப் போட்டுச் சுவர் நேராகத் தொடங்கும் இடம் வரை நீர் ஊற்றி, அந்த மட்டத்தைப் பூச்சியம் என்று குறித்து, அதிலிருந்து மேல்நோக்கி ஓர் அடிமட்டத்தை ஒட்டிவிடுங்கள். வாயின் அகலமும் உடலின் அகலமும் ஒன்றாக இருப்பதால், நீர் எத்தனை மில்லிமீற்றர் உயர்கிறதோ மழையும் அத்தனை மில்லிமீற்றர். மரத்திலிருந்தும் கட்டடத்திலிருந்தும், அவற்றின் உயரத்தைப் போல இரு மடங்கு தூரத்தில், நிலத்தில் தெறிக்கும் நீர் உள்ளே விழாத உயரத்தில் அதனை நாட்ட வேண்டும். நாள்தோறும் காலை 8.30 மணிக்கு வாசித்து, கொப்பியில் பதிந்து, நீரைப் பூச்சியக் கோடு வரை வெளியேற்ற வேண்டும். வளிமண்டலவியல் திணைக்களமும் 24 மணித்தியால மழையைக் காலை 8.30 வரையே கணக்கிடுகிறது என்பதால், உங்கள் எண்ணை மட்டக்களப்பு நிலையத்தின் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை என்பது ஒரு லீற்றர் நீர். இந்த ஒரு வரியைப் பிள்ளைகள் விளங்கிக்கொண்டால் மற்றவை தாமாக வரும். ஓர் ஏக்கர் வயலில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழும் நீர் ஏறத்தாழ 4 இலட்சம் லீற்றர் என்று ஒரு மாணவன் கணக்கிட்டுவிட்டு, அப்படியானால் உன்னிச்சைக் குளத்துக்கு எவ்வளவு வரும் என்று என்னைக் கேட்டான். அந்தக் கேள்விக்கு நானும் ஒரு வாரம் ஓட வேண்டியிருந்தது.

இரண்டாவது வேலை, வெள்ளம் நின்ற அடையாளங்களை அளப்பது. 57 வெள்ளம், 78 சூறாவளி, 2011 ஜனவரி வெள்ளம் ஆகியன நமது ஊர்களில் ஆண்டுக்குப் பெயர் வைக்கும் நிகழ்வுகள். ஒருவர் பிறந்த ஆண்டைக்கூட அவற்றைக் கொண்டு சொல்வார்கள். தரம் 10 மாணவி ஒருத்தி தன் அம்மம்மாவின் வீட்டுக்குப் போய், 2011இல் நீர் எதுவரை வந்தது என்று கேட்டிருக்கிறாள். கதவு நிலையில் அறையப்பட்டிருந்த ஓர் ஆணியைக் காட்டி, “இஞ்ச பாரு புள்ள, இந்த ஆணிக்கு மேல வரல்ல” என்றிருக்கிறார் அம்மம்மா. நிலத்திலிருந்து ஆணி வரை 47 சென்ரிமீற்றர். அதை எழுதிக்கொண்டு திரும்ப எழுந்தவளை அம்மம்மா மறித்து, வெள்ளம் வடிந்த பிறகு நிலத்தை இரண்டு கல் உயர்த்திச் சீமெந்து போட்டதைச் சொன்னார். அவள் வெளியே வந்து, உயர்த்தப்படாத பழைய வாசற்படியிலிருந்து மறுபடி அளந்தபோது எண் வேறாக இருந்தது. மாநாட்டில் அவள் இந்த இரண்டு எண்களையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிக் காட்டினாள். அளவு எங்கிருந்து தொடங்குகிறது என்று கேட்காமல் எந்த எண்ணையும் நம்பக் கூடாது என்பதை நான் வகுப்பறையில் இரண்டு தவணை சொல்லியும் பதியாதது, அந்த வாசற்படியில் பதிந்துவிட்டது.

இவற்றோடு, கடற்கரைக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணற்பாங்கான எழுவான்கரை ஊர்களில் கிணற்று நீர் எந்த மாதத்தில் உவர்க்கத் தொடங்குகிறது என்பதையும், வாவிக் கரையில் நாம் கண்ணா என்று சொல்லும் கண்டல் மரங்கள் எங்கே நிற்கின்றன, எங்கே வெட்டப்பட்டிருக்கின்றன என்பதையும் பிள்ளைகள் படம் வரைந்து பதியலாம். கண்டல் மரங்கள் தங்கள் வேர்ச் சேற்றில் பெருமளவு காபனைப் புதைத்து வைத்திருப்பவை. அம்பாறைப் பக்கத்துப் பாடசாலையாயின் நெல்வயலே போதும். நீர் தேங்கி நிற்கும் வயலின் சேற்றிலிருந்து மெதேன் வாயு வெளியேறுகிறது. வயலை இடையிடையே காயவிட்டுப் பின் நீர் பாய்ச்சினால் அது குறைகிறது. நம்மைப் பாதிக்கும் காலநிலை மாற்றத்தில் நமது வயலுக்கும் ஒரு சிறு பங்கு உண்டு என்பதைப் பிள்ளைகள் மறைக்காமல் சொன்னால், அவர்கள் சொல்லும் மற்றவற்றையும் சபை நம்பும்.

இந்த இடத்தில் மூன்று பிழைகளைச் சொல்லியே ஆக வேண்டும். முதலாவது, 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை. நமது கடற்கரைப் பிள்ளைகளின் சுவரொட்டிகளில் அது கட்டாயம் இடம்பிடித்துவிடும். அந்த வலி அத்தகையது. ஆனால் அது சுமாத்திராவுக்கு அருகே கடலடியில் நிகழ்ந்த நிலநடுக்கத்தால் எழுந்தது. காலநிலை மாற்றத்தோடு அதற்குத் தொடர்பில்லை. கடலோரக் கண்டல் காடு அலையின் வேகத்தைத் தணிக்குமா என்று பேசும்போது அதனைக் குறிப்பிடலாம், வேறு இடத்தில் வேண்டாம். இரண்டாவது, கடலரிப்பு. கரை அரிக்கப்படும் எல்லா இடங்களிலும் கடல்மட்ட உயர்வே காரணம் என்று எழுதிவிடக் கூடாது. ஒலுவிலில் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் கரையோர மணலின் ஓட்டத்தை மறித்ததே அப்பகுதி அரிப்புக்குக் காரணமாகப் பெரிதும் சுட்டிக்காட்டப்படுகிறது. மூன்றாவது, ஒரு நிகழ்வைக் கொண்டு முடிவு கட்டுவது. வானிலை என்பது இன்றைய மழை. காலநிலை என்பது குறைந்தது 30 ஆண்டுகளின் சராசரி. 1978 நவம்பரில் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியைக் காலநிலை மாற்றத்தின் விளைவு என்று எழுதுவதற்கு நம்மிடம் ஆதாரம் இல்லை. அத்தகைய காற்று மறுபடி வந்தால் நமது ஊர் தாங்குமா என்று கேட்பதற்கோ முழு உரிமையும் உண்டு.

ஐந்தாம் படி: அடிப்படைத் தரவும் கலைச்சொல்லும்

இதற்கு மூன்று மாலை வகுப்புகள் போதும். கைத்தொழிற் புரட்சிக்கு முன்னர் வளிமண்டலத்தில் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 280 பங்காக இருந்த காபனீரொட்சைட்டு இன்று 420 பங்கைக் கடந்துவிட்டது. 1850–1900 காலத்தோடு ஒப்பிடும்போது 2011–2020 பத்தாண்டில் புவி மேற்பரப்பின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 1.1 பாகை செல்சியஸ் உயர்ந்திருந்தது. 1901 இற்கும் 2018 இற்கும் இடையே கடல்மட்டம் ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர் உயர்ந்தது. வளியின் வெப்பநிலை ஒரு பாகை கூடினால் அது தாங்கக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 சதவீதம் கூடும் என்பதை மழைமானியோடு சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள். ஒரே நாளில் கொட்டித் தீர்க்கும் மழை ஏன் கூடுகிறது என்பது அப்போது விளங்கும். உடன்படிக்கைகளில் 1992 ரியோ, 1997 கியோத்தோ, 2015 பாரிஸ் ஆகிய மூன்றும் போதும். பாரிஸில் 2 பாகைக்கு மிகக் கீழே வெப்ப உயர்வை நிறுத்துவது என்றும், 1.5 பாகைக்குள் வைத்திருக்க முயல்வது என்றும் நாடுகள் உடன்பட்டன. இலங்கை 2030 இல் தனது மின்சாரத்தில் 70 சதவீதத்தைப் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து பெறுவதையும் 2050 இல் காபன் நடுநிலையை எட்டுவதையும் இலக்காக அறிவித்திருக்கிறது.

கலைச்சொற்களை ஒரு மூன்று நிரல் அட்டவணையாகப் பிள்ளைகளே தயாரிக்கட்டும். தமிழில் தணிப்பு, ஆங்கிலத்தில் மிட்டிகேஷன். தமிழில் இசைவாக்கம், ஆங்கிலத்தில் அடப்டேஷன். தமிழில் இழப்பும் சேதமும், ஆங்கிலத்தில் லொஸ் அன்ட் டமேஜ் என்று எழுதி, சிங்களச் சொல்லையும் உச்சரிப்போடு எதிரே குறித்துக்கொள்ள வேண்டும். ‘தேசகுணிக விபர்யாச’ என்ற சொல்லைக் காதால் அடையாளம் காணத் தெரிந்த பிள்ளை, சிங்கள உரை நடக்கும்போது எங்கே கவனிக்க வேண்டும் என்பதையாவது அறிந்திருக்கும்.

ஆறாம் படி: சுவரொட்டியும் உரையும்

சுவரொட்டியில் ஒரு கேள்வி, ஒரு வரைபடம், ஓர் அட்டவணை, ஒரு படம் ஆகியவற்றுக்கு மேல் வேண்டாம். தலைப்பைத் தமிழில் பெரிதாகவும், கீழே சிறிதாக ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் எழுதலாம். எங்கள் பிள்ளைகள் ஒரு முறை டிமைத் தாளில் இரண்டு வாரம் வரைந்த மழை வரைபடத்தைச் சுருட்டி வானின் கூரையில் வைத்துக் கட்டினோம். வெலிக்கந்தை தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது. நீல மை ஓடிய அந்த வரைபடத்தையே, ‘இதுவும் மழை அளந்ததுதான்’ என்று ஒரு பையன் சொல்லிச் சமாளித்தான். நீங்கள் நம்பியிருக்க வேண்டியது அந்தப் பையனை அல்ல, தடித்த பி.வி.சி. குழாய் ஒன்றையும் அதன் இரு பக்கமும் அடைக்கும் மூடிகளையும்.

உரை மூன்று நிமிடம் என்றால் இரண்டரை நிமிடத்துக்கு எழுதுங்கள். ‘அவையோர்க்கு வணக்கம்’ என்று தொடங்கி அரை நிமிடத்தை விழுங்கும் பேச்சுப் போட்டி நடையை விட்டுவிட்டு, முதல் வாக்கியத்திலேயே அளந்த எண்ணைச் சொல்லப் பழக்க வேண்டும். இதைப் பிள்ளைகளுக்குப் பழக்குவதைவிட, பேச்சு எழுதிக் கொடுக்கும் ஆசிரியர்களுக்குப் பழக்குவது கடினம்.

ஏழாம் படி: காசு

பாடசாலை அபிவிருத்திச் சங்கம், பழைய மாணவர் சங்கம், ஊர்க் கூட்டுறவுச் சங்கம் என்ற வரிசையில் கேளுங்கள். பிள்ளைகளிடம் ஒரே அளவு தொகையைக் கேட்பதைத் தவிர்த்து, இயலாத வீட்டுக்கு மற்றப் பிள்ளைகள் அறியாமல் பணம் கொடுப்பதிலிருந்து விலக்களித்துவிடுங்கள். எல்லாச் செலவுக்கும் பற்றுச்சீட்டு வைத்திருங்கள்.

எட்டாம் படி: பயணம்

மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு 300 கிலோமீற்றருக்கு மேல். ஆறேழு பேர் என்றால் புகையிரதமே நல்லது. காலையில் புறப்படும் உதயதேவியில் சென்றால் பிள்ளைகள் ஏறாவூர், வாழைச்சேனை, புனானை, பொலன்னறுவை என்று வரண்ட வலயம் கண்முன்னே மாறிக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டு போகலாம். இரவு ரயிலில் சென்றால் ஒரு நாள் தங்கும் செலவு மிச்சமாகும். ஆனால் மறுநாள் மண்டபத்தில் பிள்ளைகள் தூங்கி வழிவார்கள். நான் பகல் ரயிலையே தெரிவு செய்வேன். மின்னேரி, கல்லோயாச் சந்திப் பகுதிகளில் யானைகள் பாதையைக் கடப்பதால் ரயில் மெதுவாகச் செல்வதும் தாமதமாவதும் உண்டு. எனவே மாநாடு தொடங்கும் நாளுக்கு முதல் நாளே கொழும்பை அடையும்படி திட்டமிடுங்கள்.

அக்கரைப்பற்று, திருக்கோவில் பக்கத்தவர்களுக்குப் புகையிரதம் இல்லை. பஸ்ஸில் மட்டக்களப்பு வரை வந்து ஏறலாம், அல்லது அங்கிருந்தே கொழும்பு பஸ்ஸைப் பிடிக்கலாம். மண்டூர் போன்ற வாவிக்கு அப்பாலுள்ள ஊர்ப் பிள்ளைகள் விடியற்காலையில் துறையில் இயந்திரப் பாதையை (வாவியைக் கடக்க ஆட்களை ஏற்றிச் செல்லும் மிதவையை) நம்பியிருக்க வேண்டாம். முதல் நாள் மாலையே அவர்களை இக்கரையில் ஓர் உறவினர் வீட்டில் தங்கவைத்துவிட்டால், ஆசிரியரும் இரவு நிம்மதியாகத் தூங்கலாம்.

பல பாடசாலைகள் சேர்ந்து ஒரு பஸ் பிடித்தால், அந்தப் பயணத்தையே ஒரு கணக்காகப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். போய்வர 640 கிலோமீற்றர், லீற்றருக்கு 4 கிலோமீற்றர் என்றால் 160 லீற்றர் டீசல். ஒரு லீற்றர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோகிராம் காபனீரொட்சைட்டு வெளியேறும். மொத்தம் 432 கிலோகிராம். பஸ்ஸில் 36 பேர் என்றால் தலைக்கு 12 கிலோகிராம். அதே பஸ்ஸில் 12 பேர் மட்டும் சென்றால் என்ன ஆகும் என்று கேட்டுவிட்டு, விடையைப் பிள்ளைகளிடமே விட்டுவிடுங்கள்.

உணவு விடயத்தில் ஓர் அனுபவக் குறிப்பு. தேங்காய்ப்பூச் சம்பலும் பாற்சொதியும் நண்பகலுக்குள் புளித்துவிடும். புட்டும் பொரித்த கருவாடும், அல்லது புளி சேர்த்துப் பிசைந்த கட்டுச்சோறும் மாலை வரை நிற்கும். வாழையிலையில் கட்டி, அதன் மேல் பழைய துணியால் சுற்றுங்கள். காலநிலை மாநாட்டுக்குப் போகிறவர்கள் சாப்பாட்டைப் பொலித்தீன் தாளில் பிரித்து வைத்துக்கொண்டு இருப்பதைப் பார்க்க எனக்கே ஒரு முறை வெட்கமாகப் போய்விட்டது. ஆளுக்கொரு தண்ணீர்ப் போத்தலும் வீட்டிலிருந்தே வரட்டும். வாந்தி வரும் பிள்ளைகளுக்குத் தேசிக்காயும், மருத்துவர் சொன்னபடி மாத்திரையும் கையில் இருக்க வேண்டும்.

முழு அணியின் பெயர், பெற்றோரின் தொலைபேசி இலக்கம், ஒவ்வாமை, வழமையாக எடுக்கும் மருந்து ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, இரண்டு ஆசிரியர்களிடமும் ஒவ்வொரு பிரதி இருக்க வேண்டும். தேசிய அடையாள அட்டை இல்லாத பிள்ளைகளுக்குப் புகைப்படம் ஒட்டி அதிபர் ஒப்பமிட்ட கடிதம் வேண்டும். 1990 சுவசெரிய அம்பியூலன்ஸ், 119 பொலிஸ், 1929 சிறுவர் உதவிச் சேவை ஆகிய இலக்கங்களைப் பிள்ளைகள் மனப்பாடமாக வைத்திருக்கட்டும்.

ஒன்பதாம் படி: மாநாட்டு நாட்கள்

மண்டபத்துக்கு அரை மணித்தியாலம் முந்திச் சென்று, மொழிபெயர்ப்பைக் கேட்கும் காதொலிக் கருவியைப் பெற்று, தமிழ் எந்த எண்ணில் ஒலிக்கிறது என்று ஒவ்வொரு பிள்ளையும் தானே சோதித்துப் பார்க்க வேண்டும். வேலை செய்யாவிட்டால் உரை தொடங்கும் முன்னரே சொல்லி மாற்றுங்கள். ஆறு பேரையும் ஒரே வரிசையில் இருத்தாமல், இருவர் இருவராகப் பிரித்து, வேறு மாவட்டப் பிள்ளைகளுக்கு நடுவே இருக்கச் செய்யுங்கள். தேநீர் இடைவேளையில் மாத்தறைப் பிள்ளையோடும் நுவரெலியாப் பிள்ளையோடும் பேசிக் கிடைப்பது, மேடையுரைகளிலிருந்து கிடைப்பதைவிட அதிகம் என்பது என் அனுபவம். தேயிலைத் தோட்டத்து மண்சரிவைப் பற்றி ஹட்டன் மாணவி ஒருத்தி சொன்னதை எங்கள் பிள்ளைகள் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பிரதான உரையாற்றியவர் என்ன சொன்னார் என்று கேட்டால் எல்லோரும் ஆளுக்காள் முகத்தைப் பார்க்கிறார்கள்.

கேள்வி நேரத்துக்கு இரண்டு வாக்கியப் பயிற்சி கொடுத்திருங்கள். முதல் வாக்கியம் நாங்கள் அளந்தது. இரண்டாவது அதிலிருந்து எழும் கேள்வி. ‘எங்கள் வாவிக்கரை ஊரில் 2011 வெள்ளம் நின்ற உயரத்தை 14 வீடுகளில் அளந்தோம். புதிதாக வீடு கட்டிக் கொடுக்கும்போது அத்திவாரத்தின் உயரத்தை யார், எந்தத் தரவைக் கொண்டு தீர்மானிக்கிறார்கள்?’ என்பது போன்ற கேள்வியைத் தமிழிலேயே கேட்கட்டும். உடைந்த ஆங்கிலத்தில் கேட்டு, பாதியில் நிறுத்தி, கூனிக் குறுகி அமர்வதைவிட, தெளிவான தமிழில் கேட்டு மொழிபெயர்ப்புக்கு ஒரு நிமிடம் காத்திருப்பது மேல். அதற்குரிய ஒலிவாங்கியையும் மொழிபெயர்ப்பாளரையும் கேட்டுப் பெறுவது ஆசிரியரின் வேலை. எங்கள் முதல் கேள்விக்கு நெறியாளர் ‘நேரமில்லை’ என்று அடுத்தவருக்குத் திரும்பியபோது, நான் எழுந்து நின்றுகொண்டே இருந்தேன். மூன்றாவது ஆளுக்குப் பிறகு எங்களுக்கு நேரம் கிடைத்தது.

பத்தாம் படி: திரும்பி வந்த பின்

ஒரு வாரத்துக்குள் வலயத்துக்கு அறிக்கையும் செலவுக் கணக்கும் போய்ச் சேர வேண்டும். பிள்ளைகள் காலைக் கூட்டத்தில் ஐந்து நிமிடம் பேசுவது போதாது. சுவரொட்டியை ஊர் வாசிகசாலையில் அல்லது கமநல சேவை நிலையத்தில் ஒரு மாதம் தொங்கவிட்டால், தங்கள் வீட்டு எண் அதில் இருக்கிறதா என்று பார்க்கப் பெரியவர்கள் வருவார்கள். பிழையைத் திருத்தியும் தருவார்கள். எங்களுக்கு அவ்வாறு இரண்டு வீட்டு அளவுகள் திருத்தப்பட்டன.

ஊரில் நின்ற இரண்டு பிள்ளைகளின் வேலை இங்கேதான் தெரியவரும். பயண நாட்களிலும் மழைமானி காலை 8.30 மணிக்கு வாசிக்கப்பட்டாக வேண்டும். நாங்கள் கொழும்பில் நின்ற நான்கு நாட்களும் தரம் 8 பையன் ஒருவனும் அவன் வகுப்புப் பிள்ளை ஒருத்தியும் மாறி மாறிப் போய் வாசித்திருந்தார்கள். திரும்பி வந்த அன்று கொப்பியை விரித்துப் பார்த்தேன். 0, 0, 23, 6 என்று இரண்டு கையெழுத்துகளில் நான்கு எண்கள் இருந்தன. 23 இற்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு வரி எழுதியிருந்தான்: ‘சேர், போத்தலுக்குள் ஒரு தவளை இருந்தது. எடுத்துவிட்டுத்தான் வாசித்தேன். தவளைக்கு எத்தனை மில்லிமீற்றர் கழிக்க வேண்டும்?’